லாரி இன்ஜின்: எச்.பி.யா, இழுவையா, ஆயுளா? வாசகர் கேள்வி – பதில்

கனரக வண்டி வாங்கப் போகிறவர்களும் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில், இன்ஜின்களை ஒப்பிடும் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

55 டன் டிரெய்லர் எடுக்கப் போகிறேன். சிமென்ட் லோடு. 250 எச்.பி. போதுமா, 300 எச்.பி. வேண்டுமா? பவர் கூடினால் டீசலும் கூடும் என்கிறார்களே?
– வாசகர், சங்ககிரி

சமதரையில் வண்டிக்கு எவ்வளவு பவர் தேவை என்பதை முதலில் பார்த்துவிடலாம். 55 டன் முழுப் பாரத்தோடு 60 கி.மீ. வேகத்தில் போகும் டிரெய்லருக்கு, டயர் உருளும் தடையையும் காற்றின் தடையையும் தள்ளிக்கொண்டு போக இன்ஜினிலிருந்து ஏறக்குறைய 80 கிலோவாட் போதும். எச்.பி. கணக்கில் 110க்குள் அடங்கிவிடும். அதாவது நல்ல சமதரையில் 250ம் 300ம் ஒன்றுதான். இரண்டும் பாதிப் பவரைக்கூடத் தொடுவதில்லை. குடிக்கிற டீசலும் கிட்டத்தட்ட ஒன்றே.

வித்தியாசம் ஏற்றத்தில் தெரியும். 100 மீட்டருக்கு 3 மீட்டர் ஏறும் சாலையில், அதே 55 டன்னை 250 எச்.பி. இன்ஜின் மணிக்கு சுமார் 30 கி.மீ. வேகத்தில் இழுக்கும், 300 எச்.பி. இன்ஜின் 36, 37க்குப் போகும். ஆனால் பாரத்தை மேலே தூக்கச் செலவாகும் டீசல் இரண்டுக்கும் ஒரே அளவுதான். 55 டன்னை 100 மீட்டர் உயரம் ஏற்ற, எந்த இன்ஜினாக இருந்தாலும் சுமார் 4 லிட்டர் டீசல் போகும். அந்த 4 லிட்டரைச் சீக்கிரம் எரிப்பதா, மெதுவாக எரிப்பதா என்பதுதான் எச்.பி. சொல்லும் சேதி. ஆகவே 'பவர் கூடினால் டீசல் கூடும்' என்பது பாதி உண்மை. கூடுதல் பவரை வேகமாக்கி ஓட்டினால் கூடும். ஏற்றத்தில் கியர் குறைக்காமல் போகப் பயன்படுத்தினால் கூடாது.

எச்.பி.யைவிட நீங்கள் பார்க்க வேண்டியது டார்க் (இன்ஜின் சுழற்றும் விசை), அதிலும் அது எந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்பது. டாடாவின் 55 டன் வண்டியில் வரும் 6.7 லிட்டர் கம்மின்ஸ் 300 எச்.பி., 1100 நியூட்டன் மீட்டர். பாரத் பென்ஸ் 5528இல் உள்ள 7.2 லிட்டர் இன்ஜின் 281 எச்.பி., ஆனால் டார்க் அதே 1100தான். பேனாவை எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்: டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 1100 நியூட்டன் மீட்டர், 1200 ஆர்.பி.எம். என்றால் 138 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 185 எச்.பி. 950 நியூட்டன் மீட்டர் இன்ஜின் அதே 1200இல் தருவது 119 கிலோவாட். தினசரி ஓட்டத்தில் வண்டி நிற்கும் இடம் இந்த 1200தான். விளம்பரத்தில் போடும் உச்ச எச்.பி. 2200, 2300 ஆர்.பி.எம்.மில் கிடைப்பது. அங்கே வைத்து ஓட்டினால் மைலேஜ் போய்விடும்.

சங்ககிரியிலிருந்து திருச்சி, மதுரைப் பக்கம் மட்டும் ஓட்டம் என்றால் 250 போதும். பெங்களூரு வழி மேட்டு ஓட்டம் அடிக்கடி உண்டென்றால் 300 எடுங்கள். சிறிய இன்ஜினை ஏற்றத்தில் மணிக்கணக்கில் முழு மிதியில் வைத்திருப்பது டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் ஆயுளைக் குறைக்கும். ஒரு லிட்டர் டீசல் மிச்சம் என்று அங்கே கணக்குப் பார்க்கக் கூடாது.

ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின், ஒரே லோடு. என் வண்டியைவிடப் பக்கத்து வண்டி அரை கி.மீ. அதிகம் கொடுக்கிறது. இன்ஜினில் கோளாறா?
– வாசகர், நாமக்கல்

இன்ஜினைத் தொடுவதற்கு முன் பின் அச்சின் ஹவுசிங்கைப் பாருங்கள். கிரவுன் பினியன் ரேஷியோ (சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை) இரண்டு வண்டிக்கும் ஒன்றா? 10.00–20 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் உருளும். 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 312 சுற்று. டாப் கியர் நேர் கியர் என்று வைத்துக்கொண்டால், 5.86 கிரவுனில் இன்ஜின் 1830 ஆர்.பி.எம்.மில் ஓடும், 4.11 கிரவுனில் 1280. இழுவைக்கு முன்னது, மைலேஜுக்குப் பின்னது. கல்குவாரி, மணல், வயல்வழி என்றால் 5.86ஐக் குறை சொல்ல முடியாது. நாற்கரச் சாலையில் மட்டுமே ஓடும் வண்டிக்கு அது வீண்.

ரேஷியோ ஒன்றாகவே இருந்தால் அடுத்தது டயர் காற்று, வீல் பேரிங் இறுக்கம், பிரேக் லைனர் டிரம்மில் உரசுகிறதா என்பது. 20 கி.மீ. ஓடியபின் ஒவ்வொரு டிரம்மின் சூட்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே டீசல் எரிகிறது என்று அர்த்தம். பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள். கிளாம்ப் தளர்ந்தோ ஹோஸ் கீறியோ காற்று கசிந்தால் பிக்கப் குறையும். எலெக்ட்ரானிக் இல்லாத பழைய டீசல் பம்பு வண்டியென்றால் கரும்புகையும் வரும். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காலியாகத் திரும்பும் போது எந்த வேகத்தில் வருகிறார்கள் என்பதையும் டிரைவரிடம் கேளுங்கள். பாரத்தோடு 60இலிருந்து 80க்குப் போனால் டீசல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும். 15 டன் காலி வண்டியில் அதே 60இலிருந்து 80க்குப் போனால் 40 சதவீதம் கூடும். காலி வண்டிக்குப் பாரத்தைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. பலரும் நினைத்திருப்பது இதற்கு நேர் எதிரானது. அரை கி.மீ. வித்தியாசத்துக்கு இது ஒன்றே போதும்.

கம்மின்ஸ் 5.9, 6.7 இன்ஜின்களில் லைனரே இல்லையாமே? சீஸ் ஆனால் பிளாக்கையே தூக்கிப் போட வேண்டும் என்கிறார் எங்கள் மெக்கானிக். லைனர் உள்ள இன்ஜின்தான் ஆயுசா?
– வாசகர், பெருந்துறை

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. பி சீரிஸ் என்று சொல்லப்படும் இந்த இன்ஜின்களில், லைனர் என்ற தனி உறை இல்லாமல், பிஸ்டன் நேராகப் பிளாக்கிலேயே ஓடுகிறது. 5.9க்குப் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 102 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 120, 6.7க்கு 107, 124. லைனர் இல்லாததால் பிளாக் சிறியது, எடை குறைவு, லைனர் அடியில் ஓ-ரிங் விட்டுப்போய் ஆயில் சம்பில் தண்ணீர் இறங்கும் தொல்லையும் இல்லை. நல்ல ஏர் ஃபில்டரும் ஆயிலும் கிடைத்தால் இந்தப் போர் பல லட்சம் கி.மீ. தாங்கும்.

தேய்ந்தாலும் பிளாக் குப்பைக்குப் போகாது. 5.9 பிளாக்கை 0.5 மி.மீ., அதற்கடுத்து 1.0 மி.மீ. என்று ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதையும் தாண்டினால் ஸ்லீவ் இறக்கலாம். 6.7இல் இரண்டு போர்களுக்கு நடுவே தண்ணீர் வழி கிடையாது, சுவரும் ஒட்டியே இருக்கும். அதனால் போரிங் போடும் பட்டறை முக்கியம். ஹோனிங் கல்லின் குறுக்குக் கோடுகள் சரியாக விழாமல் கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டால் ரிங் படியாது. புது இன்ஜினே முதல் நாளிலிருந்து ஆயில் தின்னும். 'ரீபோர் செய்தேன், ஆயில் அடிக்கிறது' என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

கம்மின்ஸின் 8.3, 8.9 லிட்டர் இன்ஜின்களில் ஈர லைனர் உண்டு. லைனரின் வெளிப்பக்கம் கூலன்ட் நேராகப் படும். ஆறு லைனர், பிஸ்டன், ரிங் செட் வாங்கி, பிளாக்கை சேஸிலிருந்து இறக்காமலே வேலையை முடிக்கலாம். அதிக மணிநேரம் ஓடும் வண்டிக்கு இது பெரிய வசதி. ஆனால் ஈர லைனருக்கென்று ஒரு நோய் இருக்கிறது. பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் லைனர் நடுங்கி, அதன் வெளிப்புறத்தில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் உண்டாகி உடையும். உடையும் ஒவ்வொரு குமிழியும் இரும்பில் ஊசி முனையளவு குழி போடும். கூலன்டில் அதைத் தடுக்கும் மருந்து இல்லாவிட்டால் அந்தக் குழி லைனரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர் ஈர லைனர் இன்ஜின் வாங்காமலிருப்பது நல்லது.

ஆகவே லைனர் இருப்பதும் இல்லாததும் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. வேலை வரும்போது ஆகும் செலவையும் நாளையும்தான் தீர்மானிக்கிறது.

ரேடியேட்டருக்கு போர்வெல் தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், தூத்துக்குடி

கூடாது. உப்பும் சுண்ணாம்பும் சூட்டில் பிரிந்து ஹெட்டுக்குள் படியும். ஒரு மில்லிமீட்டர் படிவுகூட இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவே போர்வை போர்த்தியது போல. மீட்டரில் சூடு சரியாகக் காட்டும். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே ஹெட் வெடிக்கும். கம்பெனி சொல்லும் கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், பாதிக்குப் பாதி. வழியில் அவசரத்துக்கு ஊற்ற வண்டியில் 5 லிட்டர் கலந்தே வைத்திருங்கள்.

பழைய பிஎஸ்3 (புகைக் கட்டுப்பாட்டு விதியின் பழைய கட்டம்) பம்பு வண்டி இன்னும் ஓடுகிறது. புது பிஎஸ்6 வண்டி வாங்கினால் சென்சார், யூரியா என்று செலவுதான் என்கிறார்கள். உண்மையில் எது தாங்கும்?
– வாசகர், கரூர்

இரும்பைப் பொறுத்தவரை புது இன்ஜின் ஒன்றும் மட்டமில்லை. பிளாக், கிராங்க், பேரிங் எல்லாம் முன்பைவிட அதிக அழுத்தம் தாங்கும்படி செய்யப்பட்டவை. மாறியிருப்பது மன்னிக்கும் குணம். பழைய பம்பு அழுக்கு டீசலையும் கொஞ்சம் தண்ணீரையும் பொறுத்துக்கொண்டது. புது வண்டியின் காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயில்) டீசல் 1600 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி மைக்ரான் கணக்கு. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் முதலில் துரு, பிறகு கசிவு. கசியும் இன்ஜெக்டர் பிஸ்டன் தலையில் நெருப்புக் குழாய் பிடித்தது போல ஓட்டை போடும். அல்லது சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிச் சீஸ் பண்ணும். பிஎஸ்6 வண்டியில் பெரிய இன்ஜின் வேலை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டீசலை.

எனவே வாட்டர் செபரேட்டரை தினமும் காலையில், வண்டி எடுக்குமுன் திறந்துவிடுங்கள். வடிவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். ஃபில்டர் கம்பெனி ஃபில்டராகவே இருக்கட்டும். புது ஃபில்டருக்குள் கையால் டீசலை ஊற்றி மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊற்றுகிற டீசல் வடிகட்டப்படாமல் நேராக உள்ளே போகிறது. ஹேண்ட் பம்பு அடித்துத்தான் நிரப்ப வேண்டும்.

இனி, புகையைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் யூரியாக் கரைசலைப் பற்றி. 2017 ஏப்ரலில் நாடு முழுதும் பிஎஸ்4 வந்தபோது டாடா, பாரத் பென்ஸ் போன்றவை யூரியா தெளிக்கும் முறைக்குப் போயின; அசோக் லேலண்டு புகையைத் திருப்பி விடும் இஜிஆர் முறையில் நின்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததும் லேலண்டு இரண்டையும் சேர்த்துக்கொண்டது. யூரியா முறையில் இன்ஜினுக்குள் சுத்தமான காற்று. புகை கழுவும் வேலை வெளியே நடக்கிறது. இஜிஆரில் யூரியா குறையும். ஆனால் கரி ஆயிலுக்குள் வரும், சூடு ரேடியேட்டருக்குப் போகும், இஜிஆர் கூலர் என்று கவனிக்க இன்னொரு உறுப்பு. மைலேஜ் ஒப்பிடும்போது யூரியா செலவையும் டீசலோடு கூட்டிப் பாருங்கள். 100 லிட்டர் டீசலுக்கு நான்கிலிருந்து ஆறு லிட்டர் போவது சாதாரணம். திடீரென்று பாதியாகக் குறைந்தால் மகிழ வேண்டாம். தெளிக்கும் நாசில் உப்புக் கட்டி அடைத்திருக்கும்.

32.5 சதவீதக் கலவை அல்லாத எதையும் ஊற்றாதீர்கள். வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் அதிலுள்ள அசுத்தம் பம்பையும் கேட்டலிஸ்ட்டையும் கெடுத்துவிடும். மிச்சம் பிடித்ததைப் போல ஐம்பது மடங்கு செலவு வைக்கும்.

ஆயிலும் முக்கியம். பிஎஸ்6இல் கரி பிடிக்கும் ஃபில்டர் உண்டு. சாம்பல் அதிகமுள்ள பழைய ரக ஆயில் எரியும்போது அந்தச் சாம்பல் ஃபில்டரில் தங்கிவிடும். கரியை ரீஜெனரேஷன் எரித்துவிடும், சாம்பலை எரிக்க வழியில்லை. புத்தகத்தில் ஆயிலின் தரம் சிகே-4 என்றிருந்தால் சிகே-4தான். ரீஜெனரேஷன் விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாமல், காய்ந்த புல் இல்லாத வெட்டவெளியில் நிறுத்தி முழுதாக முடியவிடுங்கள். பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், உள்ளே தெளித்த டீசல் எரியாமல் சம்பில் இறங்கி ஆயில் நீர்த்துப்போகும் இன்ஜின்களும் உண்டு. டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறிக்கொண்டே போனால் அது நல்ல செய்தியல்ல.

வால்வு டேப்பட் கேஜ் 5.9க்கும் 6.7க்கும் ஒன்றா?
– வாசகர், சேலம்

வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இந்த இடைவெளியில் இன்டேக் ஒன்று, எக்ஸாஸ்ட் வேறு. இரண்டுக்கும் இன்டேக் 0.25 மி.மீ. எக்ஸாஸ்ட் 5.9க்கு 0.51, 6.7க்கு 0.66. ஃபயரிங் ஆர்டர் இரண்டுக்கும் 1-5-3-6-2-4. இன்ஜின் ஆறியபின் வையுங்கள். 6.7க்கு 5.9 அளவை வைத்துவிட்டால் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக உட்காராமல் எரியும்.

தொப்பூர் இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் இன்ஜின் கெடுமா? நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சமில்லையா?
– வாசகர், தருமபுரி

கெடாது, மிச்சமுமில்லை. வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காமன் ரெயில் இன்ஜின் டீசலை முழுக்க நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் ஐட்லிங் ஓட டீசல் வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் டீசல் போகிறது.

100 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்கும் சாலையில் 55 டன் வண்டியை 40 கி.மீ.க்கு மேல் போகாமல் பிடிக்க 140 கிலோவாட் அளவுக்குச் சக்தியைத் தொடர்ந்து உறிஞ்ச வேண்டும். இந்தச் சூட்டை டிரம் மட்டும் வாங்கினால் சில நிமிடங்களில் பிரேக் லைனர் பிடிப்பை இழக்கும். தொப்பூரில் நடந்த விபத்துகளை நினைத்தால் இதை எத்தனை முறை எழுதினாலும் தகும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். இறக்கத்தின் நடுவில் குறைக்க முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். புகை வழியை அடைத்து இன்ஜினையே பிரேக்காக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், உயர் ஆர்.பி.எம்.மில்தான் பிடிக்கும்: சிவப்புக் கோட்டுக்குக் கீழே, 1800, 2000 பக்கம் வைத்திருங்கள். 1200இல் அது பெயருக்குத்தான். இன்ஜின்களை ஒப்பிடும்போது இழுக்கும் பவரோடு பிடிக்கும் பவரையும் ஷோரூமில் கேளுங்கள். கேட்பவர்கள் குறைவு.

அமெரிக்காவில் 15 லிட்டர், 500 எச்.பி. இன்ஜின் போடுகிறார்கள். நம் 55 டன்னுக்கு 6.7 லிட்டர். நம்மை ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், சென்னை

இல்லை; வேலை வேறு. அங்கே பொதுவான எடை வரம்பு 80,000 பவுண்டு, அதாவது 36 டன்னுக்குச் சற்று மேல். மணிக்கு 105, 110 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓடுவார்கள். டன்னுக்கு 13, 14 எச்.பி. வருகிறது. நம் 55 டன் வண்டியில் 300 எச்.பி. என்றால் டன்னுக்கு ஐந்தரை. கம்மின்ஸ் எக்ஸ்15இன் கொள்ளளவு 14.9 லிட்டர், டெட்ராய்ட் டிடி15க்கு 14.8; எக்ஸ்15 605 எச்.பி. வரை கிடைக்கிறது. ஆனால் அதன் எடை 1,300 கிலோவுக்கு மேல், 6.7இன் எடையோ சுமார் 500. நம் சட்டத்தில் மொத்த எடைக்குத்தான் வரம்பு என்பதால், இன்ஜினில் கூடும் 800 கிலோ ஒவ்வொரு டிரிப்பிலும் லோடில் குறையும்.

ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 300 எச்.பி.யை 6.7 லிட்டரில் எடுக்கும்போது லிட்டருக்கு 45 எச்.பி.; 500ஐ 14.9இல் எடுத்தால் 34. ஒவ்வொரு லிட்டரும் குறைவாக உழைக்கும் இன்ஜின் அதிக நாள் ஓடும். இந்தக் காரணத்தால், விலை கட்டுப்படியாகுமானால், ஒரே எச்.பி.க்குப் பெரிய கொள்ளளவு உள்ள இன்ஜினைத்தான் பரிந்துரைப்போம். நம் சந்தையில் பாரத் பென்ஸின் 7.2, ஐஷரின் 7.7 லிட்டர் இன்ஜின்கள் இந்தக் கணக்கில் முன்னே நிற்கின்றன. கம்மின்ஸுக்கு எந்த ஊரிலும் உதிரியும் கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பது அதன் பலம். நடுவழியில் மூன்று நாள் நிற்கும் வண்டிக்குக் கொள்ளளவு சோறு போடாது.

ஐந்து வருடம் ஓடிய வண்டி வாங்கப் போகிறேன். இன்ஜினை எப்படிப் பார்ப்பது?
– வாசகர், திருச்செங்கோடு

போகும் நேரத்தைச் சொல்லாமல் காலையில் போங்கள். இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று முதலில் கையை வைத்துப் பாருங்கள். சூடேற்றி வைத்திருந்தால் மறைக்க ஏதோ இருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்டின் நிறத்தைப் பாருங்கள்: துருத் தண்ணீரா, ஆயில் மிதக்கிறதா? டிப்ஸ்டிக்கில் அளவுக்கு மேல் ஆயில் இருந்தாலும் பால் நிறமாக இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் செய்தபின் நீலப்புகை நீடித்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடேறியும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர் அல்லது கூலன்ட். பிஎஸ்6இல் கரி ஃபில்டர் புகையை மறைத்துவிடும் என்பதால் அங்கே புகையை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜின் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாய் மேல் வையுங்கள். லேசாக ஆடலாம், தூக்கி எறிந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. டர்போ ஹோஸைக் கழற்றி வீலைப் பிடித்துப் பாருங்கள்: பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு, முன்னும் பின்னும் ஆட்டம் கூடாது, இறக்கை சுவரில் உரசிய தடமும் கூடாது. ஏர் ஃபில்டர் வீட்டின் உட்பக்கத்தை, ஃபில்டருக்குப் பிந்திய பகுதியை, வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண் ஒட்டினால் அந்த மண் இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது. போர் தேய முதல் காரணம் தூசிதான். ஃபில்டரைக் காற்றடித்துக் காற்றடித்துக் காகிதம் கிழிந்தது தெரியாமல் ஓட்டுகிறார்கள்.

பிறகு ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். மீட்டரில் காட்டும் கி.மீ.யைவிட இசிஎம்மில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில்) உள்ள மூன்று எண்கள் பேசும்: மொத்த மணிநேரம், ஐட்லிங் மணிநேரம், மொத்தம் எரித்த டீசல். 6 லட்சம் கி.மீ. 15,000 மணிநேரத்தில் ஓடியிருந்தால் சராசரி 40. நெடுஞ்சாலையில் ஓடிய நல்ல வண்டி. அதே 6 லட்சம் 24,000 மணிநேரம் என்றால் சராசரி 25; நின்ற இடத்தில் ஓடிய நேரம் அதிகம், அல்லது மேட்டிலும் குவாரியிலும் முக்கியது. கி.மீ.யை மொத்த டீசலால் வகுத்தால் அந்த வண்டியின் பிறந்தநாள் முதலான மைலேஜ் வந்துவிடும். ஓனர் சொல்லும் மைலேஜோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்படியே சிலிண்டர் கட்-அவுட் டெஸ்டும் போடுங்கள். ஒரு சிலிண்டரை அணைத்தும் இன்ஜின் சத்தத்தில் மாற்றமில்லை என்றால் அது ஏற்கெனவே சோம்பேறி.

கடைசியாக ஆயில் சாம்பிள் 100 மில்லி எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். சிலிக்கான் கூடினால் தூசி, இரும்பு கூடினால் போரும் ரிங்கும், செம்பும் ஈயமும் கூடினால் பேரிங், சோடியம் தெரிந்தால் கூலன்ட் கசிவு. நேற்றுதான் ஆயில் மாற்றினோம் என்று ஓனர் சொன்னால், 200 மணிநேரமாவது ஓடிய ஆயிலில்தான் சாம்பிள் எடுப்பேன் என்று சொல்லி முன்பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.